இடம் கிடைத்த பிறகு வந்த குளிர்காலம்

செபத்தில் என்னோடு முழந்தாளிடுகிற அன்பானவர்களுக்கு, மன்னாரில் பிறந்து இப்போது லண்டன் இல்ஃபோர்டில் இருக்கும் ஜெசிந்தா எழுதுகிறேன்.

1991ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு நாள், நாளைக் காலை என்னை எழுப்ப வேண்டாம் என்று ஆண்டவரிடம் கேட்டேன். எனக்கு அப்போது பதினேழு வயது. காரணம் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். மார்க்ஸ்தான் காரணம். பல்கலைக்கழகம் போக எழுதும் ஏ லெவலின் மாதிரிப் பரீட்சையில் கெமிஸ்ட்ரிக்கு ஈ, தோல்விக்கு ஒரு படி மேலே. பயாலஜிக்கும் கணக்குக்கும் டீ.

சில வாரங்களுக்கு முன்புதான் ஒரு பல்கலைக்கழகம் எனக்கு பார்மசி படிக்க இடம் தந்திருந்தது. முழுதாகத் தரவில்லை. கோடையில் வரும் கடைசிப் பரீட்சையில் இரண்டு பீயும் ஒரு சீயும் எடுத்தால் இடம் உனக்கு, எடுக்காவிட்டால் இல்லை. இந்த நாட்டில் அப்படித்தான். பொருளைக் கையில் வைத்துவிட்டுத் தங்கள் விரலை மட்டும் எடுக்காமல் பிடித்திருப்பார்கள்.

அப்பாவும் நானும் 1986இல் லண்டனுக்கு வந்தோம். அம்மாவும் தம்பி நிக்சனும் மன்னாரிலேயே நின்றுவிட்டார்கள். அப்பாவுக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்ததும் அவர்களைக் கூப்பிடுவது என்பது திட்டம். அனுமதி வரவில்லை. சண்டைதான் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. ஊரில் லொறி ஓட்டிய அப்பா இங்கே ஒரு பெட்ரோல் ஸ்டேஷனில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசு வாங்கினார். ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறை எங்களுக்கு.

பல்கலைக்கழகத்திலிருந்து செய்தி வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அப்பா தமிழ்ப் பூசைக்கு ஒரு பெரிய கேக் வாங்கிக்கொண்டு வந்தார். பூசை முடிந்து எல்லோரும் தேநீர் குடிக்கும் மண்டபத்தில் தானே வெட்டித் தானே கொடுத்தார். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும், "என்ரை மகள் மருந்துக்காரியாகப் போறாள்" என்றார். இடம் இன்னும் உறுதியில்லை என்று நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "நீ எடுப்பாய். எனக்குத் தெரியும்" என்றார். என் அப்பா அப்படிச் சிரித்து அதற்கு முன்பு நான் கண்டதில்லை.

அடுத்த வாரம் அவர் வேலையிலிருந்து வழக்கத்துக்கு முன்பே வந்தார். கோட்டைக் கழற்றாமல் குசினியில் அடுப்புக்கு எதிரே கதிரையில் இருந்தார்.

"என்னப்பா, சுகமில்லையோ?"

"ஒண்டுமில்லை. நீ போய்ப் படி."

அன்றிலிருந்து என் அப்பா வேறு மனிதர்.

என் மேசைக்கு மேலே சுவரில் நிக்சனின் படம் ஒன்று ஒட்டியிருந்தேன். முதல் நற்கருணை வாங்கிய நாளில் வெள்ளைச் சட்டையோடு எடுத்தது. நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அது இல்லை. கேட்டேன். "உதைப் பாத்துப் பாத்துத்தான் நீ பராக்கு" என்றார். தமிழ்ப் பூசைக்குப் போவதை நிறுத்தினார். "சோதினை முடியுமட்டும் கோயில் வேண்டாம். ஆண்டவர் வீட்டிலையும் இருக்கிறார்." கீழ் வீட்டுக்காரரின் டெலிபோனில் எனக்கு யார் எடுத்தாலும் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவைத்தார். நான் சிரித்தால் கோபம். அழுதால் அதைவிடக் கோபம். நான் புத்தகத்தோடு இருக்கும்போது கதவருகே வந்து நின்று பார்ப்பார். முதுகில் அந்தப் பார்வை தெரியும்.

அம்மாவின் கடிதங்களும் நின்றன. முன்பு தாமதமாக வந்தாலும் வரும். இரண்டு மூன்று ஒன்றாகச் சேர்ந்துகூட வந்திருக்கின்றன. இப்போது ஒன்றுமே இல்லை. "சண்டை நடக்கேக்கை தபால் எங்கை வாறது" என்றார் அப்பா. அது நம்பக்கூடிய காரணம். நம்பினேன்.

ஆனால் என் தலை நம்பவில்லை போலும். புத்தகத்தைத் திறப்பேன். எழுத்துகள் தெரியும். ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியும். பக்கத்தின் அடிக்கு வரும்போது மேலே என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது. மறுபடி மேலே போவேன். கண்ணாடியில் ஊற்றிய தண்ணீர் போல எல்லாம் வழிந்து போகும். கெமிஸ்ட்ரியில் வகுப்பிலேயே முதலாக இருந்தவள் நான். அதற்காகத்தான் இடமே தந்தார்கள். இடம் கிடைத்த பிறகு எனக்கு என்ன நடக்கிறது என்று எனக்கே விளங்கவில்லை.

மாதிரிப் பரீட்சைத் தாளைத் திருப்பித் தந்த நாளில் கெமிஸ்ட்ரி ஆசிரியர் என் தாளை மட்டும் கடைசிவரை கையில் வைத்திருந்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்தப் பிள்ளைக்கு இடம் கொடுத்தவர்களுக்கு யாராவது இதைத் தபாலில் அனுப்ப வேண்டும்" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த சிநேகிதியும் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். அவள் நிறுத்தியதுதான் இன்னும் கூட வலித்தது.

ஏ லெவல் மாணவர்களுக்குப் பொறுப்பாக மிஸ்டர் கோல்மன் என்று ஒருவர் இருந்தார். நெடிய ஆள். பேசும்போது முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பார். அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கெமிஸ்ட்ரிப் பரீட்சைக்கு என் பெயரைக் கொடுக்கப் போவதில்லை என்றார். மற்ற இரண்டையும் எழுதலாம். கெமிஸ்ட்ரி இல்லாமல் பார்மசி இல்லையே என்றேன். தனக்கும் அது தெரியும் என்றார். பள்ளிக்கூடத்தின் மொத்த முடிவையும் தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். நான் எழும்பாமல் இருந்தேன். மருந்துக் கடையில் காசு வாங்குகிற இடத்திலும் ஆட்களை வேலைக்கு எடுப்பார்கள் என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டில் அப்பா மார்க்ஸை நின்றபடியே பார்த்தார். பிறகு என் கன்னத்தில் அடித்தார். அதுவரை அவர் என்னை அடித்ததில்லை.

"அங்கை அவை கிடந்து சாகினம், உனக்காக. நீ இஞ்சை ஈ எடுத்துக்கொண்டு வாறாய்."

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று மாலையும் நாங்கள் செபமாலை சொன்னோம். எங்கள் வீட்டில் அது ஒரு நாளும் தவறாது. செபமாலையின் ஒவ்வொரு பத்து மணியையும் நான் நிக்சனுக்காக ஒப்புக்கொடுப்பேன். "மாதாவே, தம்பியைக் காப்பாத்தும், அவனுக்கு ஒண்டும் ஆகாமல் பாத்துக்கொள்ளும்" என்று சத்தமாகச் சொல்வேன். பக்கத்தில் முழந்தாளில் இருக்கும் அப்பா, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார். அவர் குரல் சில நாள் கேட்காது. களைப்பு என்று நினைத்தேன்.

அந்த நாட்களில்தான் காலையில் எழுப்ப வேண்டாம் என்று கேட்டேன். ஆண்டவர் எழுப்பினார். நான் பள்ளிக்கூடம் போனேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிநேகிதிகளோடு இருக்க வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு அருகே வெள்ளைக்காரரின் கோயில் ஒன்று பகலில் திறந்திருக்கும். அங்கே போய் இருப்பேன். ஹீட்டர் போடமாட்டார்கள். கோட்டோடுதான் இருக்க வேண்டும். முதலில் மார்க்ஸைக் கேட்டேன். கெமிஸ்ட்ரியில் ஒரு பீ. பிறகு அந்த இடத்தை விட்டுவிடாதேயும் என்று கேட்டேன். பிறகு அம்மாவிடமிருந்து ஒரு கடிதம். பிறகு நிக்சன். எதையும் தரவில்லை. தவக்காலம் தொடங்கியபோது கேட்கவும் களைத்துவிட்டது. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. "எனக்கு என்ன நடக்குது எண்டு சொல்லும். எதெண்டாலும் பரவாயில்லை. சொல்லும்."

அன்பானவர்களே, எதென்றாலும் பரவாயில்லை என்று செபிக்கும்போது நாம் என்ன சொல்கிறோம் என்று நமக்குத் தெரிவதில்லை. நான் இதைச் செபித்தது தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் மதியம். பதில் அன்று மாலையே வந்தது.

அன்று அப்பாவுக்குப் பின்னேர ஷிப்ட். ஹரோவில் ஒரு கோயில் மண்டபத்தில் தமிழில் சிலுவைப்பாதை நடக்கும் என்று தெரியும். அவர் வேண்டாம் என்று சொன்னதுதான். ஆனாலும் போனேன். முடிந்து வெளியே வரும்போது ஒரு பெண் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். மன்னாரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த றீற்றா அன்ரி. கொழும்பு வழியாக அந்த மாதம்தான் லண்டனுக்கு வந்தாராம். என் முதுகைத் தடவினார். அழுதார்.

"யோசிக்காதை பிள்ளை. கொம்மா திடமாத்தான் நிக்கிறா. தம்பியை அடக்கம் செய்யேக்கை நானும் பக்கத்திலை நிண்டனான்."

"எந்தத் தம்பியை?"

"நிக்சனை." என் முகத்தைப் பார்த்தார். அவர் கை என் முதுகில் நின்றுவிட்டது. "கொப்பர் சொல்லேல்லையோ?"

அவர் அதற்குப் பிறகு சொன்னதை நான் துண்டு துண்டாகத்தான் கேட்டேன். டிசம்பர் மாதம். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் செல் குண்டு விழுந்தது. அம்மா போனபோது மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இல்லை. பதினான்கு வயது. நான் விட்டுவிட்டு வந்தபோது அவனுக்குப் பத்து. அவனுக்குக் குரல் உடைந்திருந்ததா என்று அந்த நேரத்தில் றீற்றா அன்ரியிடம் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது. "ஓம் பிள்ளை, ஆம்பிளைக் குரல் வந்திட்டுது" என்றார்.

மூன்று மாதம். மூன்று மாதமாக ஒவ்வொரு மாலையும், மண்ணுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று நான் மன்றாடியிருக்கிறேன். அந்தச் செபமெல்லாம் எங்கே போனது? இந்தக் கேள்விக்குச் சாமியார்மாரும் அருட்சகோதரிகளும் நல்ல மனதோடு எனக்குப் பல பதில் தந்திருக்கிறார்கள். எதுவும் எனக்குப் போதவில்லை. சாட்சி சொல்ல வந்த இடத்தில், போதும் என்று பொய் சொல்ல எனக்கு ஏலாது.

நான் வீட்டுக்குப் போகவில்லை. பெட்ரோல் ஸ்டேஷனுக்கு நடந்தேன். அப்பா கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். காசு வாங்கும் சிறிய துவாரத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"நிக்சன் செத்துப்போனானோ?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் ஒருவர் காசோடு நின்றார். அப்பா என்னைத் தள்ளி நிற்கும்படி கையைக் காட்டினார். அந்த ஆளிடம் காசை வாங்கி, மிச்சத்தை எண்ணிக் கொடுத்து, தாங்க் யூ சொன்னார். அந்த ஆள் போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஓம்."

"எப்ப தெரியும்?"

"கேக் வெட்டின அடுத்த கிழமை. கொழும்பிலையிருந்து இஞ்சை போன் வந்தது."

"அம்மா ஏன் எழுதேல்லை?"

"நான்தான் எழுத வேண்டாமெண்டனான். எழுதினால் அவ அதை எழுதாமல் விடமாட்டா." கண்ணாடிக்குள்ளிருந்து வந்த குரல் தகரத்தில் பேசுவது போல இருந்தது. "நீ சோதினை எழுதினாப்பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான். அவன் போயிட்டான். உன்ரை இடமாவது மிஞ்சட்டும் எண்டு."

"நான் அவனுக்காகச் செபமாலை சொன்னனான் அப்பா. நீங்கள் பக்கத்திலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தீங்கள்."

இன்னொரு கார் வந்தது. அவர் அந்தக் காருக்குப் பம்பைத் திறந்துவிட்டார். நான் வீட்டுக்கு நடந்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாங்கள் பேசவில்லை. அவர் சோறு வைத்துவிட்டு வேலைக்குப் போவார். நான் தொடமாட்டேன். வந்து அதை எடுத்துத் தானே சாப்பிடுவார். சுவர் வழியாக அவர் தட்டில் கரண்டி படும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக்கூட நான் வெறுத்தேன். தம்பியின் சாவை என்னிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டவர். அம்மா தனியாக அழுதபோது எனக்கு ஒரு வரி எழுதவிடாதவர். மார்க்ஸுக்காக.

செபிக்க வாய் வரவில்லை. யாரிடம் என்ன கேட்பது? கேட்க என்ன இருக்கிறது? ஞாயிறு பின்னேரம் கட்டிலில் கிடந்தபடி ஒரே ஒரு வசனம் சொன்னேன். அதைச் செபம் என்று சொல்லலாமோ தெரியாது. "இந்த மனிசனை வெறுக்காமல் இருக்க எனக்கு ஏலாது. வேணுமெண்டால் நீர் பாரும்."

அவ்வளவுதான். கண்ணீர் இல்லை. ஆறுதல் இல்லை. அறையில் ஒன்றும் மாறவில்லை.

திங்கள் காலை அப்பா வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டு, பெயர் பட்டியைக்கூடக் கழற்றாமல், படியடியில் நின்றார்.

"வா. பள்ளிக்கூடம் போவம்."

அவர் என் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு நாளும் வந்ததில்லை. ஆங்கிலம் வராது என்ற வெட்கம். பெற்றோரைக் கூப்பிடும் நாட்களில் எப்போதும் ஷிப்ட் இருக்கும். அன்று மிஸ்டர் கோல்மனின் அறைக் கதவைத் தானே தட்டினார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. என்னை மொழிபெயர்க்கவும் விடவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி எடுத்துச் சொன்னார்.

"மை சன் டை. டிசம்பர். ஐ நோ டெல் ஹேர். ஷி பிரே, எவ்ரி டே பிரே, ஐ நோ டெல்." மேசையில் கிடந்த என் மார்க்ஸ் தாளில் விரலை வைத்தார். "திஸ் நோட் ஹேர் மார்க்ஸ். மை மார்க்ஸ்."

மிஸ்டர் கோல்மன் முதல் முறையாக ஜன்னலை விட்டுவிட்டு ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்தார். தான் வருந்துவதாகச் சொன்னார். பிறகு, பரீட்சை எடுப்பவர்களுக்கு இது தெரியாது, தெரிந்தாலும் துக்கத்துக்கு அவர்கள் மார்க்ஸ் போடுவதில்லை என்றார். அப்பா என்னைப் பார்த்தார். அது அவருக்கு விளங்கவில்லை. என் தம்பியின் சாவுக்கு மார்க்ஸ் இல்லை என்பதை நான் என் அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

அவர் தலையாட்டினார். "அது சரிதானே. மார்க்ஸ் போடச் சொல்லிக் கேக்கேல்லை. எழுத விடச் சொல்லு. எழுத மட்டும்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். மிஸ்டர் கோல்மன் கெமிஸ்ட்ரிக்கும் என் பெயரைக் கொடுப்பதாகச் சொன்னார். தோற்றால் அது உன் பொறுப்பு, என்னிடம் அழுதுகொண்டு வராதே என்றும் சொன்னார்.

வெளியே பஸ் தரிப்பில் இருவரும் நின்றோம். அப்பா ரோட்டைப் பார்த்தபடி, "அவனுக்குச் சப்பாத்து அனுப்பினனான். நத்தார்ப் பெருநாளுக்கு. அது போய்ச் சேரேல்லை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கால் அளவு தெரியாது. பெருசாத்தான் வாங்கினனான்" என்றார். அந்தக் குளிரில் பஸ் தரிப்பின் தரையில் அப்படியே குந்திவிட்டார். வேலைக்குப் போகிறவர்கள் அவரைச் சுற்றி விலகிப் போனார்கள். நான் அவர் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்து போன பிறகுதான் நான் பிடித்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

இதைத்தான் நான் சாட்சியாகச் சொல்ல வந்தேன். ஞாயிறு பின்னேரம் "எனக்கு ஏலாது, நீர் பாரும்" என்று கேட்டேன். திங்கள் காலை என் கை அவர் கோட்டைப் பிடித்திருந்தது. அந்தக் கையை அங்கே வைத்தது நான் அல்ல. என்னைவிடத் தங்களுக்கு அது நன்றாகத் தெரியும் என்று யாரும் வாதாட வேண்டாம்.

அன்று பின்னேரம் புத்தகத்தைத் திறந்தேன். ஒரு பக்கம் வாசித்தேன். அடிக்கு வந்தபோது மேலே என்ன இருந்தது என்று தெரிந்தது. உடனே மூடிவிட்டு அழுதேன். வீட்டுக்குள் சாவு இருந்தது, அதற்குப் பெயர் மட்டும் இல்லாமல் இருந்தது. அதனால்தான் எதுவும் தலைக்குள் போகவில்லை என்று இப்போது நினைக்கிறேன். பெயர் வந்ததும் அழ முடிந்தது. அழ முடிந்ததும் வாசிக்க முடிந்தது. நிக்சனுக்காகத் தமிழ்ப் பூசை ஒன்று ஒப்புக்கொடுத்தோம். அவன் படம் மறுபடி சுவருக்கு வந்தது. அம்மாவின் கடிதம் வந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதைப் படித்த நாளில் மட்டும் ஒன்றும் படிக்கவில்லை. மற்ற எல்லா நாளும் படித்தேன்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. பயாலஜிக்கு பீ. கணக்குக்கு சீ. கெமிஸ்ட்ரிக்கு சீ. ஒரு படி குறைவு.

அப்பா அடிக்கவில்லை. தேநீர் போட்டு எனக்கு முன்னால் வைத்தார். நான் தெருமுனை டெலிபோன் பெட்டிக்குப் போய்ப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்தேன். லைன் கிடைக்க வெகுநேரம் ஆனது. வெளியே ஒருவர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு பெண் பேசினார். என் பெயரைக் கேட்டார். பொறுத்திருக்கச் சொன்னார். நான் காசு போட்டுக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வந்து, "உங்களைப் பற்றி உங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவர் ஈஸ்டருக்கு முன்பே எங்களோடு பேசியிருக்கிறார்" என்றார். ஒரு படி குறைந்தாலும் எடுப்பது என்று அப்போதே தீர்மானமாகியிருந்ததாம். "ஒக்டோபரில் வாருங்கள்" என்றார். நான் ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். காசு முடிந்து லைன் அறுந்தது.

பள்ளிக்கூடத்தில் எங்கள் கதை தெரிந்தவர் மிஸ்டர் கோல்மன் ஒருவர்தான், நன்றி சொல்ல அவரிடம் போனேன். அவர் எந்த டெலிபோன் என்று கேட்பது போல முகத்தை வைத்திருந்தார். நான் கதவடிக்குப் போன பிறகு, "அவனுக்கு எத்தனை வயது?" என்று கேட்டார். பதினான்கு என்றேன். "என் இளையவனுக்கும் அதே வயது" என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். என்னைக் காசு வாங்கும் இடத்துக்குப் போகச் சொன்ன அதே மனிதர், என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் எனக்காக மன்றாடியிருக்கிறார். ஆண்டவர் யாரைக் கொண்டு வேலை செய்வார் என்று நாம் தெரிவு செய்ய முடியாது. என்னைக் கேட்டிருந்தால் அவரைக் கடைசியாகத்தான் தெரிவு செய்திருப்பேன்.

நான் பார்மசி படித்து முடித்தேன். இன்று இல்ஃபோர்டில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். அப்பாவுக்கு ஒருவாறு அனுமதி கிடைத்து, 1994இல் அம்மா வந்து சேர்ந்தார். ஹீத்ரோவில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அப்பாவைப் பார்த்து, "என்ரை பிள்ளையின்ரை சாவை என்னைத் தனியத் தூக்க வைச்சீங்கள்" என்றார். அதற்குப் பிறகு வெகுகாலம் பேசவில்லை. சமைப்பார், உடுப்புத் தோய்ப்பார், பேசமாட்டார். இப்போது சோறு போடவா, குடை எடுத்தீங்களா என்ற அளவுக்குப் பேச்சு இருக்கிறது. அதற்கு மேல் இல்லை. இதையும் ஏன் எழுதுகிறேன் என்றால், சாட்சி என்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிய வேண்டும் என்று நினைக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எனக்கு எல்லாம் சரியாகவில்லை. ஆனாலும் நான் நன்றி சொல்கிறேன். காலையில் எழும்பும்போது சொல்லும் முதல் சொல்லே அதுதான். எழுப்ப வேண்டாம் என்று கேட்ட அந்த ஒரு செபத்தை அவர் கேட்காமல் விட்டதற்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

இடம் கிடைத்த பிறகு மார்க்ஸ் சரிந்துகொண்டிருக்கிற பிள்ளைகள் இந்த வருடமும் நம் கோயிலில் இருப்பீர்கள். பீயும் சீயும் கிடைக்கும் என்று உங்களுக்கு நான் வாக்குத் தர முடியாது. வெட்கப்பட்டு ஒளியாதீர்கள். உங்களால் ஏலாததை ஏலாது என்றே அவரிடம் சொல்லுங்கள். அழகாகச் சொல்ல வேண்டும் என்று இல்லை. பெற்றவர்களே, பிள்ளையின் படிப்புக்காக வீட்டில் எதையாவது மூடி வைத்திருந்தால், தயவுசெய்து இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிள்ளை தாங்கும். தாங்காவிட்டால், பிடித்துக்கொள்ள நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள்.

என் அம்மாவும் அப்பாவும் இருவராக இருந்து நிக்சனைப் பற்றி ஒரு தடவை பேச வேண்டும். இப்போது நான் கேட்பது அது ஒன்றுதான். உங்கள் செபத்தில் ஒரு மணி அவர்களுக்காகவும் உருட்டுங்கள். அப்பாவின் பெயர் அந்தோனிப்பிள்ளை. அம்மாவின் பெயர் திரேசா.